நேச நாயனாரும் நாடா தறியும்

பெரியபுராணத்தின் அறுபத்து மூவரில் ஒருவர் நெசவாளி. காம்பீலி நகரில் சாலியர் குலத்தில் பிறந்த நேச நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் சில பாடல்களிலேயே சொல்லி முடித்துவிடுகிறார். அந்த வரலாற்றில் அற்புதம் எதுவும் இல்லை. கண்ணை இடந்து அப்பியவர் கதையும், பிள்ளையைக் கறியாக்கியவர் கதையும் இருக்கும் அதே நூலில், இவர் தறியில் உட்கார்ந்து நெய்தார், அவ்வளவுதான். மனம் சிவனுடைய திருவடியில் இருந்தது. வாய் ஐந்தெழுத்தை ஓதியது. கை அடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்தது. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன என்பதற்காகவே அவர் நாயனார்.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியில் இந்தக் கதையை யாரும் எளிதாக நம்பலாம். புவிசார் குறியீடு பெற்ற பட்டு ஊர் அது. நெசவுத் தெருவில் ஒரு வீட்டின் நடையைத் தாண்டினால் குழித்தறி. நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை அழுத்துகிறார். விழுது ஏறி இறங்கிப் பாவு வாய் திறக்கிறது. கயிற்றை வெட்டி இழுக்கிறார். நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஓடுகிறது. பலகையை நெஞ்சுப் பக்கம் இழுத்து ஊடையை அடிக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டியில் அட்டை ஒன்று புரண்டு விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம், ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மனைவி தார் சுற்றிக்கொண்டே விலைவாசி பேசுகிறார், பிள்ளை பாடம் படிக்கிறது, பண்பலை வானொலி பாடுகிறது. ஐந்தெழுத்தை ஓதவும் அதில் இடமுண்டு. இழை அறுந்தால், ஜக்கார்டில் ஒரு ஊசி மாட்டிக்கொண்டால், சத்தம் மாறுவதை வைத்தே கைதேர்ந்த நெசவாளர் கண்டுபிடித்துவிடுவார். கைத்தறியில் காதும் ஒரு கருவி.

அதே நேச நாயனாரை ஒரு விசைத்தறிப் பட்டறையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் ஓட்டக் கூடாது என்று 1985-இல் மத்திய அரசு சட்டம் போட்டது. அப்படி ஓட்டுகிறார்கள் என்ற புகார் தமிழ்நாட்டின் பட்டு ஊர்களில் இன்னும் ஓயவில்லை. அந்த வழக்கு வேறு. இங்கே பேச வேண்டியது சத்தம். நாடா தறியில் மரக்கோல் ஒன்று நாடாவின் முனையை ஓங்கி அடிக்கிறது. நாடா பாய்ந்து எதிர்ப்பெட்டியில் மோதி நிற்கிறது. மறுகணம் அங்கிருந்து திரும்ப அடிபடுகிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கிறது. ஒரே கூரையின் கீழ் இப்படி ஏழெட்டுத் தறிகள் ஓடும்போது இரைச்சல் 100 டெசிபலை ஒட்டி நிற்கிறது. பக்கத்தில் நிற்பவர் காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். நாயனாரின் வாய் ஐந்தெழுத்தைச் சொல்லும், அவர் காதுக்கே அது எட்டாது.

அங்கே அவர் நாயனாராக இருக்க முடியுமா என்பது ஒரு ஆன்மிகக் கேள்வி. முடியும் என்று உடனே பதில் சொல்பவர்கள் உண்டு. பக்தி உள்ளே நடப்பது, இரைச்சல் வெளியே நடப்பது, உள்ளே அடங்கியவனுக்கு வெளிச்சத்தம் என்ன செய்யும் என்பார்கள். இதைச் சொல்ல அவர்களுக்கு வலுவான சான்றும் இருக்கிறது. ஆரணியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் திருவண்ணாமலை. மௌனத்தையே உபதேசமாகக் கொண்ட ரமண மகரிஷி 1896 முதல் 1950 வரை வாழ்ந்த ஊர். சும்மா இருத்தலை முருகனிடம் உபதேசமாகப் பெற்றவர் என்று மரபு போற்றும் அருணகிரிநாதரின் ஊரும் அதுவே. மௌனம் வாயை மூடுவதில் இல்லை, ‘நான்’ என்பது அடங்குவதில் இருக்கிறது என்றார் ரமணர். அப்படி அடங்கியவருக்குச் சந்தையும் குகையும் ஒன்றே.

அதில் ஐயமில்லை. ஆனால் ரமணர் வாழ்க்கையின் தொடக்கத்திலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. பதினாறு வயதில் அருணாசலத்துக்கு வந்து ஆயிரங்கால் மண்டபத்தில் நிட்டையில் உட்கார்ந்தவர் மீது சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். அவர் பக்கத்தில் இருந்த பாதாள லிங்கக் குகைக்குள் போனார். அங்கே பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. அவருக்கு அது தெரியவே இல்லை. ஆனால் அவ்வூரில் இருந்த துறவி சேஷாத்ரி சுவாமிகளுக்குத் தெரிந்தது. பிறகு அன்பர்கள் சிலர் உள்ளே இறங்கி, நினைவு வெளியே வராமலே இருந்த அந்தப் பையனைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அவருக்குத்தான் வலிக்கவில்லையே என்று யாரும் விட்டுவிடவில்லை. தாங்குபவர் தாங்கிக்கொள்வது அவருடைய நிலை, தூக்கிவிடுவது பார்த்தவர்களின் கடமை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் இரைச்சல் பற்றிய பேச்சு பெரும்பாலும் வழுக்கி விழுகிறது. உள்மௌனம் ஒருவர் தனக்காகத் தேடிக்கொள்வது. அதை இன்னொருவரிடம் போய், அதுவும் கூலிக்குத் தறி ஓட்டுபவரிடம் போய், ‘நீ உள்ளே அமைதியாக இரு’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

காதுக்கு நேர்வது என்ன என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். உள்காதில் நத்தை ஓடு வடிவத்தில் சுருண்டிருக்கும் குழலில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. சத்தத்தின் அதிர்வில் அவற்றின் நுனிகள் சாய்ந்து நிமிர்வதையே மூளை ஓசையாக அறிகிறது. பேரிரைச்சலில் நாள்தோறும் பல மணி நேரம் நின்றால் அவை ஓய்ந்து, வளைந்து, ஒரு கட்டத்தில் மடிகின்றன. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. கதவு தட்டுவது கேட்கும், லாரி வருவது கேட்கும், ஆகவே தனக்குச் செவி போகிறது என்று அவருக்கே தெரியாது. பேச்சு மட்டும் மங்கும். உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிப்பதால் தப்பித்துக்கொள்ளும். சீறி வரும் ஒலிகள் முதலில் கரையும். ந, ம, சி, வா, ய என்னும் ஐந்தில், சித்தாந்தம் சிவனுக்கென்று கொடுத்திருக்கும் எழுத்து ‘சி’. அதன் சீறல் இருப்பது அந்த 4,000-த்தை ஒட்டியும் அதற்கு மேலும்தான். இருபது வருஷம் நாடா தறியில் நின்ற ஒருவர் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்கும்போது முதலில் தேய்வது அந்த எழுத்தின் ஒலி.

இதைத் தீமை என்று சொல்லத் தமிழ் மரபுக்குள்ளேயே உறுதியான அடிப்படை இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்துகிறது. தொடுகை, சுவை, மோப்பம், பார்வை, ஐந்தாவதாகக் கேள்வி, ஆறாவது மனம். சமணமும் ஐந்து பொறிகளை இதே வரிசையில்தான் அடுக்குகிறது. செவி பெற்ற உயிர் ஐம்பொறி உயிர்களின் வரிசைக்கு ஏறுகிறது. ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரம் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழும் பகுதி. போளூருக்கு அருகில் உள்ள திருமலையில் மலைப்பாறையில் செதுக்கிய நேமிநாதர் ஓங்கி நிற்கிறார். ராஜராஜனின் தமக்கை குந்தவை பெயரால் ஒரு ஜினாலயமும் அங்கே உண்டு.

அந்தச் சமணம் இம்சைக்குக் கொடுக்கும் வரையறை மிகக் கறாரானது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரப்படி, கவனமற்ற செயலால் ஓர் உயிரின் பிராணனைப் பிரிப்பது இம்சை. பிராணன் என்றால் மூச்சு மட்டுமல்ல. மரபு அதைப் பத்தாக எண்ணுகிறது: ஐம்பொறிகள் ஐந்து, மனம் வாக்கு காயம் ஆகியவற்றின் ஆற்றல் மூன்று, மூச்சு, ஆயுள். செவி அந்தப் பத்தில் ஒன்று. ஆகவே ஒருவரின் செவியைக் கவனமின்மையால் கெடுப்பது ஏதோ ஒப்புமைக்குச் சொல்லும் இம்சை இல்லை, வரையறைப்படியே இம்சை. கோபமோ பகையோ இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. கவனிக்காமல் விட்டதே போதும்.

பட்டே கூட்டுப்புழுவைக் கொதிநீரில் கொன்று எடுப்பதுதானே, அந்தத் தொழிலில் காதைப் பற்றி என்ன பேச்சு என்று ஒரு சமணர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு இம்சை இருப்பதால் இன்னொன்று குறைந்துவிடுவதில்லை. புழுவுக்காக வருந்துபவர் தறி ஓட்டுபவருக்காக இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வருந்த வேண்டும்.

கவனமின்மை குற்றம் என்றால், கவனிப்பது எப்படி? இந்த இடத்தில்தான் ஒலியியல் பொறியாளர் கையில் ஒரு மீட்டரோடு உள்ளே வருகிறார். அவர் செய்வது வெறும் தொழில்நுட்ப வேலையாகத் தோன்றலாம். ஆனால் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்ற சொல்லை இல்லாமல் ஆக்குவது அந்த மீட்டர்தான். சத்தம் தடயம் விடாதது. புகை சுவரில் கரியாகப் படியும், சாயக்கழிவு ஆற்றில் நிறமாக ஓடும். சத்தம் தறியை நிறுத்திய மறு நொடியில் இல்லாமல் போகிறது. அது நடந்ததற்கு ஒரே சாட்சி, கேட்டவரின் காது. அந்தச் சாட்சிதான் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கிறது.

மேற்கில் இந்தச் சாட்சியை முதலில் விசாரித்தவர்களில் ஒருவர் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார். கொதிகலனுக்குள் நின்று ஆணி அடிப்பவர்கள் 100 பேரை 1886-இல் சோதித்தார். கடிகாரத்தின் டிக்டிக் சத்தம் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்பதே சோதனை. பெரும்பாலோருக்குச் செவி மங்கியிருந்தது. நெசவுக்கு வந்தால், ஸ்காட்லாந்தின் டண்டி நகரம். வங்காளத்தில் விளைந்த சணல் அங்கே கப்பலில் போய் நெய்யப்பட்டது. தறியில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். வில்லியம் டெய்லரும் கூட்டாளிகளும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பெண்களின் செவியை ஆண்டுக்கணக்காகப் பிரித்துக் காட்டியது. முதல் 10, 15 ஆண்டுகளில் 4,000 ஹெர்ட்ஸ் பகுதி விழுகிறது. அதற்குப் பிறகு சேதம் பேச்சுக்கு வேண்டிய தாழ்ந்த பகுதிக்கு இறங்குகிறது. ஓய்வு பெற்ற நெசவாளப் பெண்களிடம் பின்னர் போய்க் கேட்டபோது, பொதுக்கூட்டத்தில் பேச்சு பிடிபடவில்லை, புது ஆளிடம் பேசச் சிரமம், தொலைபேசி வேண்டாம் என்றார்கள். சத்தம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அக்கம்பக்கத்து மனிதர்களை. லங்காஷயர் பருத்தி ஆலைகளில் உதட்டசைவைப் பார்த்தே பேசும் ஒரு முறை தலைமுறைகளாக வழங்கியதும் இதனால்தான்.

அளப்பதில் ஒரு நுட்பம் உண்டு, அதுவே பலரை ஏமாற்றுவது. டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. 85 டெசிபலில் 8 மணி நேரம் நிற்பதும், 88-இல் 4 மணி நேரம் நிற்பதும், 94-இல் ஒரு மணி நேரம் நிற்பதும் காதுக்கு ஒன்றே. 100 டெசிபலில் அதே அளவு கால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். நாகஸ்வரமும் தவிலும் உரக்க ஒலிப்பவைதான், கோயில் மணியும் அப்படியே. அவை வேளைக்கு ஒலித்து ஓய்பவை, திறந்தவெளிக்கென்று பிறந்தவை. நாடா தறி ஷிப்டு முழுக்க ஓயாது.

எல்லை எங்கே என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வழக்கமான வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 85. ஐந்துதானே என்று தோன்றும். அதே நிறுவனம் 1998-இல் வெளியிட்ட கணக்குப்படி, 40 ஆண்டு வேலையில் 85 டெசிபலில் நூற்றுக்கு 8 பேருக்கும், 90 டெசிபலில் நூற்றுக்கு 25 பேருக்கும் இரைச்சலால் செவிக்குறை கூடுதலாக வரும். அதாவது 90 என்று எழுதுகிறவர், நான்கு பேரில் ஒருவர் செவி போவதற்குச் சம்மதம் எழுதுகிறார். அந்த எண்ணை இயற்பியல் தரவில்லை. எத்தனை பேரை இழக்கலாம் என்று மனிதர்கள் எடுத்த முடிவு அது. அறநூல் படிப்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவையாவது உற்றுப் பார்க்க வேண்டும்.

அந்த 90-கூட வீட்டுப் பட்டறைக்கு வருவதில்லை. இரைச்சலால் வரும் செவிக்குறையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாக 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அட்டவணையில் சேர்த்தது. ஆனால் அந்தச் சட்டப்படி மின்சாரம் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை ஆனது. 2020-இல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 10-ஐ 20 ஆக்கியது. நான்கு தறி, ஆறு தறி போட்டு, கணவன் மனைவி இன்னும் இரண்டு ஆட்கள் என்று ஓட்டும் பட்டறையில் செவி போனால், சட்டத்தின் கண்ணில் அங்கே எதுவும் நடக்கவில்லை.

சத்தத்தைக் குறைக்க முடியாதா? முடியும், பல வழிகளில் கொஞ்சம் கொஞ்சமாக. இதற்கு மூன்று இடங்கள் உண்டு: சத்தம் பிறக்கும் இடம், அது வரும் வழி, வந்து சேரும் காது. எந்த ஒலியியல் பொறியாளரும் இந்த வரிசையைத்தான் சொல்வார், காதை எப்போதும் கடைசியில்தான் வைப்பார். நாடா தறியில் சத்தம் பிறப்பது மோதலில். மோதும் இடத்தில் கெட்டிப் பொருளுக்குப் பதில் பாலியூரித்தேன் தாங்கி, வார்ப்பிரும்புப் பல்சக்கரத்துக்குப் பதில் நைலான் சக்கரம், தளர்ந்த நட்டுகளை இறுக்குவது, நாடாவை அடிக்கும் பிக்கர் தேய்ந்தால் மாற்றுவது, தறியின் காலுக்கடியில் ரப்பர் திண்டு. ஒவ்வொன்றும் சில டெசிபலே தரும். 3 டெசிபல் குறைந்தால் காதில் விழும் ஆற்றல் பாதி என்பதை மறக்கக் கூடாது.

கட்டடத்தின் கதை தனி. பழைய குழித்தறி மண் தரையில் ஊன்றி நின்றது, மேலே ஓடு அல்லது கீற்று. தறியின் அதிர்வு மண்ணுக்குள் போய் அடங்கியது, மேலே போன ஓசை கூரையின் இடுக்குகளில் கசிந்து போனது. இன்றைய பட்டறை சிமெண்டுத் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர். கான்கிரீட் தன்மேல் விழும் ஒலியில் மிகச் சிறு பங்கையே உறிஞ்சும், மீதி எல்லாம் திரும்பி வரும். கூரையின் அடியில் ஒலி உறிஞ்சும் பலகை பொருத்தினால் இந்த எதிரொலி குறையும். தென்னை நார்ப் பலகை இதற்கு நன்றாக உதவும் என்று மலேசியாவிலும் இந்தியாவிலும் ஆய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தென்னை நாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கூரைப் பலகையால் அதிகம் பயன் பெறுபவர் பட்டறையின் மறு கோடியில் இருப்பவரும் அடுத்த வீட்டுக்காரரும். தறியோடு ஒட்டி நிற்பவரின் காதுக்கு வருவது நேர்ச்சத்தம், அதைப் பிறக்கும் இடத்தில்தான் குறைக்க வேண்டும். நாடா இல்லாத ரேப்பியர் தறிக்கு மாறினால் அடித்து எறியும் மோதல் போய்விடும். வேகம் கூடுவதால் அதிலும் சத்தம் முழுதாக ஒழியாது.

கடைசியில் வருவது காதடைப்பான். மலிவு, உடனே கிடைக்கும், ஆகவே முதலில் நினைவுக்கு வருவது. நெசவாளர்கள் அதை விரும்புவதில்லை, அதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. இழை அறுந்தது கேட்க வேண்டும், தறி மாட்டிக்கொண்டது கேட்க வேண்டும். வேறு வழி இல்லாத இடத்தில் காதடைப்பான் வேண்டியதே. ஆனால் தறியை அப்படியே விட்டுவிட்டுக் காதை அடைத்துக்கொள் என்பதும், பட்டறையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே மௌனமாக இரு என்பதும் ஒரே வாதம்தான். இரண்டிலும் சத்தம் போடுபவர் விடுபட்டுவிடுகிறார், சுமை கேட்பவர் தலையில் ஏறுகிறது. ஒலியியலின் வரிசையும் அறத்தின் வரிசையும் இந்த இடத்தில் ஒன்றாகப் போவது தற்செயல் இல்லை என்றே தோன்றுகிறது.

பிறக்கும் இடத்திலேயே சத்தத்தை அடக்கும் வேலைக்கு இந்தியாவில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் எம். எல். முஞ்சால் வாழ்நாளில் பெரும்பகுதியை வண்டிகளின் சைலன்சருக்கே கொடுத்தவர். குழாய்களிலும் சைலன்சர்களிலும் ஒலி எப்படிப் போகிறது என்பதைப் பற்றி 1987-இல் அவர் எழுதிய நூல் உலகம் முழுக்கப் பொறியாளர்கள் எடுத்துப் பார்க்கும் நூல். 1986-இல் பட்நாகர் பரிசு பெற்றார். என்ஜினிலிருந்து வரும் புகை துடிதுடிப்பாக வருகிறது, ஒவ்வொரு துடிப்பும் ஒரு ஒலி அலை. குறுகிய குழாய் திடீரென்று அகன்ற அறைக்குள் திறந்தால் அலையின் ஒரு பங்கு வந்த வழியே திருப்பி அனுப்பப்படும். அறையின் நீளத்தைச் சரியாகக் கணித்தால், அடக்க நினைத்த சுருதி வெளியே போகாமல் உள்ளேயே மடங்கிவிடும். தடுப்புகளை அதிகமாக வைத்தாலோ புகை வெளியேறத் திணறி எரிபொருள் வீணாகும். சத்தத்தை மட்டும் தடுத்து மூச்சைத் தடுக்காமல் இருக்கும் அளவைக் கண்டுபிடிப்பதே இந்தக் கலை. சாலையில் போகும் வண்டிக்கு இந்தியாவில் தரச் சோதனை உண்டு. ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் மைக்கை வைத்து, வண்டியை முடுக்கிக்கொண்டு கடக்கச் சொல்லி அளக்கிறார்கள். டீசல் ஜெனரேட்டருக்கு அதன் கூட்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல் என்ற வரம்பு 2002-இல் அறிவிக்கப்பட்டது. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்கள் இன்று பெரும்பாலும் கூண்டுக்குள் இருப்பது அதனால்தான். ஒரு விதியும் ஒரு வடிவமைப்பும் சேர்ந்தால் சத்தம் குறையும் என்பதற்குத் தெருவிலேயே சாட்சி.

அதே தெருவில், சைலன்சரின் உள்தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வேண்டுமென்றே அதிரவைத்துப் போகும் மோட்டார் சைக்கிளும் உண்டு. தனியார் பேருந்தின் பல்சுதி ஹாரனும் உண்டு. ஆடி மாதத்தில் கூம்பு ஒலிபெருக்கியும் உண்டு. கடைசியாகச் சொன்னதைத் தொட்டால் பேச்சு உடனே மதத்துக்குப் போய்விடும். அதைத் தவிர்க்க வேண்டியதில்லை, ஏனென்றால் இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் ஒரு பெந்தெகோஸ்தே சபை இருந்தது. டிரம், கிதார், ஒலிபெருக்கியோடு வழிபாடு நடந்தது. குடியிருப்போர் நலச்சங்கம் 1996-இல் புகார் செய்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்துவிட்டு, அங்கே இரைச்சலுக்குக் காரணம் ஒலிபெருக்கி இல்லை, வண்டிப் போக்குவரத்து என்று சொன்னது. சபை அந்த அளவீட்டைப் பிடித்துக்கொண்டது, வழிபாட்டுரிமையையும் சிறுபான்மையினர் உரிமையையும் சொன்னது. 2000 ஆகஸ்டு 30-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பிறருடைய அமைதியைக் கெடுத்துத் தொழவேண்டும் என்றோ ஒலிபெருக்கி வைத்துத் தொழவேண்டும் என்றோ எந்த மதமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். அந்தச் சொல் ஒரு சபைக்கு மட்டும் உரியதில்லை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அதே சொல்தான்.

வழக்கில் அதிகம் யோசிக்க வேண்டியது தீர்ப்பை விட அந்த அளவீடு. சாலை சத்தம் போடுகிறது, ஆகவே சபையும் போடலாம். சபை போடுகிறது, ஆகவே பேருந்தும் போடலாம். எல்லாரும் போடுகிறார்கள், ஆகவே பட்டறையும் போடலாம். ஒவ்வொருவரும் மற்றவர் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். ஒலியின் இயல்பே அதற்கு இடம் கொடுக்கிறது. குளத்தில் அலை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு பரவுவது போல ஒலி பரவுகிறது என்று நியாய, வைசேஷிக தரிசனத்தார் வெகு காலம் முன்பே சொன்னார்கள். அதற்கு ஆகாயத்தை இடமாகவும் வைத்தார்கள். ஆகாயத்துக்குச் சுவர் கிடையாது. ஒரு வீட்டில் பிறந்த ஓசை அடுத்த வீட்டுக் குழந்தையின் தூக்கத்தில் போய் முடிகிறது. பிறந்த இடத்துக்காரருக்கு அது எங்கே முடிந்தது என்று தெரியாது.

எல்லா ஓசையும் நாதத்திலிருந்து பிறந்ததுதானே, அதில் நல்லது கெட்டது என்ன என்று தத்துவம் பேசுபவர்களும் இருக்கிறார்கள். சித்தாந்தத்தில் நாதம் முதல் தத்துவம் என்பது உண்மை. ஆனால் எல்லா உடம்பும் அதே மூலத்திலிருந்து வந்தவைதான். அதனால் உடம்பை அடிக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

அதற்காக ஆரணியில் மௌனம் வேண்டும் என்று யாராவது கேட்டால் அதுவும் தவறாகிவிடும். தறிச்சத்தம் இல்லாத நெசவுத் தெரு என்றால் பாவு வரவில்லை என்று பொருள். 2020 ஊரடங்கில் பட்டு ஊர்களின் தெருக்கள் மௌனமாக இருந்தன. நூல் இல்லை, கடை திறக்கவில்லை, நெய்த சேலை பெட்டியில் கிடந்தது. அந்த மௌனத்தில் ஒரு புனிதமும் இல்லை, கடன் மட்டுமே இருந்தது. பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறும்போதெல்லாம் அந்த மௌனத்தின் சாயல் எட்டிப் பார்க்கும். நேச நாயனார் தறியை நிறுத்திவிட்டுத் தியானம் செய்யவில்லை. அவருக்குத் தறி வேண்டும், அதன் ஓசையும் வேண்டும், அந்த ஓசைக்கு நடுவே தன் வாய்ச்சொல் தன் காதில் விழவும் வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

இதைச் செய்ய ஒரு பெரிய திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நெசவாளர்களுக்கு மருத்துவ முகாம் போட்டால் கண்ணைப் பார்க்கிறார்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். 4,000 ஹெர்ட்ஸில் செவியையும் பார்க்கலாம், அது சில நிமிட வேலை. வேலூரில் பெரிய மருத்துவமனைகள் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. நெசவாளர் சேவை மையம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது, கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் சேலத்தில் இருக்கிறது. மோட்டார் வைத்த ஜக்கார்டு கைத்தறி வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கும் காலம் இது. ஒரு கருவியைப் பரிந்துரைக்கும்போது அதன் விலை, அது தூக்கும் எடை, அது மிச்சமாக்கும் கால்வலி எல்லாம் தாளில் எழுதப்படுகின்றன. நெசவாளர் தலைக்கு அரை முழம் மேலே அது எத்தனை டெசிபல் போடும் என்பதையும் அதே தாளில் ஒரு வரியாக எழுதச் சொல்லிக் கூட்டுறவுச் சங்கங்கள் கேட்கலாம். விசைத்தறிப் பட்டறைக்காரருக்கு ரப்பர் திண்டும் புதிய பிக்கரும் கைக்காசு. மீட்டர் கணக்கில் கூலிக்கு நெய்பவருக்கு அந்தக் காசு கிடையாது. ஆகவே அந்தச் செலவு நெய்யக் கொடுக்கும் முதலாளியின் கணக்கிலும், அவர் வழியாகச் சேலையின் விலையிலும் ஏற வேண்டும். முகூர்த்தச் சேலை எடுக்க வருபவர் ஜரிகையின் தரத்தைக் கேட்கிறார், பட்டின் எடையைக் கேட்கிறார். இது எந்தத் தறியில், எப்படிப்பட்ட இடத்தில் நெய்தது என்பதும் அவர் கேட்க வேண்டிய கேள்விதான்.